மருந்தும் திருநீறும்: கீமோ சிகிச்சைக் காலத்தில் குடும்பமும் கோயிலும்

எமது கிராமங்களில் புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்பவர்கள் இன்றும் குறைவு. "அந்த வருத்தம்" என்பார்கள். குரலைத் தாழ்த்திக் "கான்சராம்" என்பார்கள். நோயாளியின் வீட்டாரோ அதையும் சொல்லமாட்டார்கள். ஆனால் அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது குருக்களிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஊருக்குத் தெரிவதற்கு முன்னரே கோயிலுக்குத் தெரிந்துவிடுகின்ற செய்தி இது.

அவ்வாறு வருபவர்களிடம் கேள்விகளும் பல உள்ளன. சிகிச்சை நடக்கும்போது கந்தசஷ்டி பிடிக்கலாமா, தீர்த்தம் குடிக்கலாமா, கொடியேற்றத்துக்கு வரலாமா, வைத்த நேர்த்தியை என்ன செய்வது என்பன அவற்றுட் சில. வைத்தியரிடம் இவற்றைக் கேட்கக் கூச்சம். குருக்களிடம் கேட்டால் "வைத்தியரைக் கேளுங்கோ" என்பார். இரண்டுக்கும் நடுவில் நோயாளி தாமாகவே ஒரு முடிவுக்கு வருகின்றார். சிலவேளை அந்த முடிவு சிகிச்சையையே இடையில் விட்டுவிடுவதாகவும் அமைந்துவிடுகின்றது. முதல் ஊசிக்குப் போகும் துணிவு அநேகருக்கு எப்படியோ வந்துவிடும். முதல் ஊசியின் துன்பத்தை அனுபவித்த பின்னர் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போவதற்குத்தான் துணை வேண்டியிருக்கின்றது. அந்தத் துணையைக் குடும்பமும் கோயிலும் எவ்வாறு கொடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கீமோ என்பது என்ன?

கீமோதெரபி என்பதைச் சுருக்கிக் கீமோ என்று எல்லோரும் சொல்கின்றோம். இரசாயன மருந்துகளைக் குருதியிற் செலுத்தி, அல்லது குளிசையாகக் கொடுத்து, புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் முறை இது. புற்றுநோய்க் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுபவை. ஆகவே இம்மருந்துகள் விரைவாகப் பெருகும் கலங்களைத் தேடித் தாக்குகின்றன. எமது உடம்பில் இயல்பாகவே விரைவாகப் பெருகும் நல்ல கலங்களும் உண்டு. மயிர் வேர்கள், வாயினதும் குடலினதும் உட்சவ்வு, குருதிக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சை ஆகியன அவை. மருந்துக்கு இவ்வளவு நுணுக்கமாக ஆளடையாளம் பார்க்கத் தெரியாது. அதனால்தான் தலைமயிர் உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, வயிற்றைப் புரட்டுகின்றது, வெண்குருதிக் கலங்கள் குறைகின்றன. "மருந்து பிழைத்துப்போச்சு" என்று வீட்டார் பதறுகின்ற விடயங்கள் பெரும்பாலும் மருந்து வேலை செய்யும்போது சேர்ந்து வருபவையே. நல்ல கலங்கள் மீண்டும் தேறிவிடும். அவை தேறுவதற்காகவே ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையில் இரண்டு மூன்று கிழமைகள் விடப்படுகின்றன.

இது நஞ்சு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவகையில் உண்மைதான். நஞ்சை அளவோடும் இடமறிந்தும் நிறுத்தினால் அது காக்கும் என்பதைத் திருநீலகண்டனை வழிபடும் சைவ மக்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை. நோயாளியின் உயரத்தையும் நிறையையும் பார்த்து, குருதிப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்த பின்னரே ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவை வைத்தியர்கள் தீர்மானிக்கின்றனர். வெண்குருதிக் கலங்கள் போதாமல் இருந்தால் அன்று மருந்து ஏற்றாமல் ஒரு கிழமை கழித்து வரச் சொல்வார்கள். இதைக் கேட்டு "கைவிட்டுவிட்டார்கள்" என அழுதுகொண்டு திரும்பும் குடும்பங்கள் உண்டு. அது கைவிடுதல் அன்று, காவல்.

இச்சிகிச்சையின் தொடக்க வரலாற்றில் எமது பக்கத்து மனிதர் ஒருவரும் இருக்கின்றார் என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இளமையில் இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாக விரும்பியவர். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்து, அமெரிக்கா சென்று, அங்கே ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். அவருடைய குழுவினர் உருவாக்கிய அமினொப்ரெரின் என்னும் மருந்தைக் கொண்டே, பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிட்னி ஃபார்பர் குருதிப் புற்றுநோயால் வாடிய சிறுவர்களுக்குச் சிகிச்சையளித்து, 1948இல் அதன் பெறுபேற்றை வெளியிட்டார். அச்சிறுவர்களிற் பலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்கு முன் அந்நோய்க்கு மருந்தென்று ஒன்றும் இருக்கவில்லை. அதே 1948இல் சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் வழிவந்த மெதொட்ரெக்சேற் இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளது.

வீட்டு முற்றங்களிலும் கோயில் வீதியோரங்களிலும் தானாகவே முளைத்துப் பூக்கும் பட்டிப்பூவை எல்லோரும் அறிவோம். நித்தியகல்யாணி என்றும் அதற்குப் பெயர். வின்கிறிஸ்ரின், வின்பிளாஸ்ரின் என்ற இரு கீமோ மருந்துகள் இச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை. இதை அறிந்ததும் இலையைப் பிடுங்கி அவித்துக் குடிக்க எவரும் புறப்பட்டுவிடக்கூடாது. செடியில் உள்ளது அளவறியாத நஞ்சு. ஆய்வுகூடத்திற் பிரித்துச் சுத்திகரித்து அளந்து கொடுக்கும்போதுதான் அது மருந்து. அன்னமுன்னா இலைக் கசாயம், பப்பாசி இலைச் சாறு என்று ஊரார் அன்போடு கொண்டுவந்து தருபவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சித்த வைத்திய மருந்து எடுப்பதானாலும் புற்றுநோய் வைத்தியரிடம் மறையாமற் சொல்லவேண்டும். ஏனெனில் சில மருந்துகள் ஒன்றுடன் ஒன்று மோதிக்கொள்ளும்.

பயணம்

வடபகுதி நோயாளிகளுக்கு ஒரு காலத்தில் நோயைவிடப் பயணமே பெருந்துன்பமாக இருந்தது. மகரகமைக்குப் போகவேண்டும். 2006 ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர், அனுமதி பெற்றுக் கப்பலிலோ விமானத்திலோ போகவேண்டியிருந்தது. மூன்று கிழமைக்கு ஒருமுறை அவ்வாறு போய்வருவது எத்தனை பேரால் முடியும்? இடையிற் சிகிச்சையை விட்டவர்களைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

இன்று தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கெனத் தனியான வைத்தியசாலைக் கட்டடமே உண்டு. அது எழுந்த வரலாறும் அறியத்தக்கது. 2011ஆம் ஆண்டில் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை கால்நடையாக நடந்து நிதி சேர்த்தார்கள். சன்னிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை எமக்குப் பழகியது. இவர்கள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடந்தார்கள். நடந்தவர்களில் சிங்களவரும் தமிழரும் பிறரும் இருந்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் நோயாளரை மிகவும் வருத்தின. எனினும், காலையில் பஸ் ஏறி மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் வசதி, முன்னையோர் கண்டிராத ஒன்று.

மருந்து ஏற்றும் நாளில் தனியே போகக்கூடாது. பல மணித்தியாலம் சேலைன் குழாயுடன் கதிரையில் இருக்கவேண்டியிருக்கும். வரும்போது களைப்பும் தலைச்சுற்றும் இருக்கலாம். துணைக்குப் போகிறவர் கிளினிக் கொப்பியையும் பழைய அறிக்கைகளையும் ஒரே பையில் வைத்திருக்கவேண்டும். வைத்தியர் சொல்வதை எழுதிக்கொள்ளவேண்டும். அந்த வேளையில் நோயாளியின் காதில் பாதிதான் விழும். சிலருக்கு ஏற்றும் சிவப்பு நிற மருந்தினால் மறுநாள் சிறுநீரும் சிவந்து போகும். அதை முன்கூட்டியே அறிந்திராத குடும்பம் இரத்தம் போகின்றது என்று நடுச்சாமத்தில் வாகனம் தேடி ஓடும்.

வீட்டில்

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சமையல் மணமே பிடிக்காது. தாளிக்கும் மணம் வந்தால் வாந்தி வரும். ஆகவே அந்நாட்களில் நோயாளியின் அறைக்குத் தூரமாகச் சமைக்கவேண்டும். கஞ்சி, பால்புக்கை, இடியப்பமும் காரமில்லாத சொதியும், அவித்த உருளைக்கிழங்கு என்பன போன்றவற்றைச் சிறிது சிறிதாக, நாளுக்கு ஐந்தாறு முறை கொடுக்கலாம். "மூன்று நேரமும் வடிவாய்ச் சாப்பிடு" என்று கோப்பை நிறையப் போட்டு முன்னால் நின்று பார்ப்பது அன்புதான். ஆனால் சாப்பிட இயலாதவருக்கு அந்தக் கோப்பை ஒரு தண்டனை. வாந்திக்குத் தந்த குளிசையை வாந்தி வந்த பிறகல்ல, வைத்தியர் சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே எடுக்கவேண்டும். தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். வாயை உப்புத் தண்ணீரால் நாளுக்குப் பலமுறை கொப்பளிக்கவேண்டும். மிளகாய்த்தூளைக் கொஞ்ச நாளைக்கு மறக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சமையலில் இது இலேசான காரியம் அன்று.

திருவிழாக் காலத்தில் வேறொரு சிக்கல் எழும். கொடியேறினால் வீட்டில் மச்சம் இல்லை. நோயாளிக்கோ புரதச் சத்து மிகவும் தேவை. மீனும் முட்டையும் இல்லாவிட்டாற் பருப்பு, பயறு, கடலை, சோயா, காய்ச்சிய பால் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்து ஈடுசெய்யலாம். அவை செமிக்காத நாட்களில் நோயாளிக்கென ஒரு முட்டையை நன்றாக அவித்துக் கொடுப்பதால் வீட்டின் ஆசாரம் கெட்டுவிடாது. அது மருந்தாகக் கொடுக்கப்படுவது.

யாவற்றிலும் முக்கியமானது காய்ச்சல். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும் காலம் எனப் பொதுவாகக் கொள்ளலாம். அக்காலத்தில் உடம்பு 100.4 பாகை பரன்ஹைட், அதாவது 38 பாகை செல்சியஸ், அளவுக்குச் சுட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அன்று. "கொத்தமல்லி அவித்துக் குடிப்பம், பனடோல் போட்டுப் படுப்பம், விடியப் பார்ப்பம்" என்பதற்கு அங்கே இடமில்லை. இரவானாலும் மழையானாலும் வைத்தியசாலைக்குப் போய்க் கீமோ எடுப்பவர் என்று முதற் சொல்லாகச் சொல்லவேண்டும். சில மணித்தியாலங்களுக்குள் நோயெதிர்ப்பு ஊசி கிடைத்தால் தப்பும் உயிர், விடியும்வரை காத்திருந்தால் தப்பாமற் போகலாம். ஆகையால் வீட்டில் ஒரு வெப்பமானியும், இரவில் அழைத்தால் வரக்கூடிய ஓட்டோக்காரரின் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும். சாமியறைப் படங்களுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணை ஒட்டி வைத்தாலும் நன்று.

தடிமன், இருமல் உள்ளவர்கள், அம்மாள் வருத்தம் கண்ட வீட்டுப் பிள்ளைகள் ஆகியோர் அந்நாட்களில் நோயாளியிடம் வரவேண்டாம். ஆனால் புற்றுநோய் தொற்றும் என அஞ்சி அவர் குடித்த பேணியை ஒதுக்கி வைப்பது அறியாமை. அது தொற்றும் நோயே அன்று. மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாட்களில் மட்டும் நோயாளியின் வாந்தியையும் சிறுநீரையும் கையுறை அணிந்து துப்புரவு செய்வது நல்லது. கர்ப்பிணிகள் அதைச் செய்யக்கூடாது. இது நோய்க்கான பயமல்ல, வெளியேறும் மருந்துக்கான அவதானம்.

தலைமயிர் முதல் மருந்துக்குப் பின் இரண்டு மூன்று கிழமைகளில் உதிரத் தொடங்கும். எல்லா மருந்துக்கும் அப்படியல்ல, பலவற்றுக்கு அப்படி. தலையணையில் கற்றை கற்றையாகக் கிடப்பதைக் காணும் பெண்களின் மனம் படும் பாடு ஆண்களுக்கு எளிதில் விளங்காது. முன்னரே கட்டையாக வெட்டிவிட்டால் அந்தக் காட்சியின் கொடுமை குறையும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மயிர் மீண்டும் வளர்ந்துவிடும். நேர்த்திக்காக முடி இறக்கியவரைக் கண்டால் ஊர் மதிப்போடு பார்க்கின்றது, எந்தக் கோயில் என்று விசாரிக்கின்றது. மருந்தினால் முடி இழந்தவர் முக்காட்டுடன் வீதியில் வந்தால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது?

விரதமும் நேர்த்தியும்

கீமோ நடக்கும் காலத்தில் உபவாசம் வேண்டாம் என்பதே வைத்தியர்களின் பொதுவான அறிவுரை. உணவு குறைந்தால் உடம்பு தேறாது. நீர் குறைந்தால் சில மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கும். "முப்பது வருஷமாய் விடாமற் பிடிச்ச சஷ்டி, இந்த முறை விட்டால் முருகன் என்ன நினைப்பார்" என்று கலங்கும் தாய்மார் பலர். நாவலர் பெருமான் தமது சைவ வினாவிடையிலே கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் என்று விதித்துவிட்டு, அது இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒவ்வொரு பொழுது உண்ணும் வழியையும் சேர்த்தே சொல்லியிருக்கின்றார். நலமாக இருப்பவருக்கே அவ்வளவு இளக்கம் உண்டென்றால், மருந்தோடு போராடும் உடம்பை வருத்தும்படி எந்த மரபும் கேட்காது. ஆறு நாளும் வீட்டில் விளக்கேற்றிக் கஞ்சி குடித்துக்கொண்டு கவசம் ஓதலாம். வீட்டில் வேறொருவர் அவருக்காக விரதத்தைப் பிடிக்கலாம்.

தீர்த்தம், பஞ்சாமிர்தம், அபிஷேகப் பால் ஆகியவை காய்ச்சாத நீரும் பாலும் பழமும் கலந்தவை. வெண்குருதிக் கலங்கள் குறைந்த நாட்களில் தீர்த்தத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொள்வது போதும். வாய் புண்ணாக இருக்கும்போது திருநீற்றையும் நெற்றியில் அணிவதோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர்ப் பந்தல் மோரும் அப்படியே. தேர், தீர்த்தம் முதலிய சன நெருக்கமான நாட்களுக்குப் பதிலாகச் சாதாரண நாளில் மத்தியானப் பூசைக்கு வந்தால் ஆறுதலாகக் கும்பிடலாம். கொடிமரத்தடியில் ஒரு கதிரையில் இருந்து கும்பிடுவது குற்றமாகாது. அதற்கெனக் கதிரை ஒன்று போட்டு வைப்பது ஆலயங்களின் கடமை.

நேர்த்திகள் பற்றியும் ஒரு சொல். நோயாளி கேளாமலே மாமியோ சித்தியோ "சுகமானால் உன்னைப் பிரதட்டை செய்யப் பண்ணுவன்", "அடியழிப்பாய்", "காவடி எடுப்பாய்" என்று வேண்டிவிடுகின்றனர். உடம்பில் மருந்து ஓடும் காலத்தில் குருதி உறையச் செய்யும் சிறுதட்டுகளும் குறைந்திருக்கும். மணலில் உருண்டு தோல் உரிவதும், செடில் குத்துவதும் பெருந்தீங்காய் முடியலாம். சிகிச்சை முடிந்து வைத்தியர் சரியென்று சொல்லும்வரை அவற்றைத் தள்ளிவைக்கவேண்டும். வேண்டியவரே அவருக்காகச் செய்வது இன்னும் முறையானது. ஒரு நெய்விளக்கு, ஒரு நாள் அன்னதானத்துக்கு அரிசி என்று மாற்றிக்கொள்வதையும் குருக்கள்மார் மறுக்கமாட்டார்கள்.

வினை என்ற பேச்சு

"என்ன பாவம் செய்தவளோ" என்ற பேச்சு நோயாளியின் காதில் விழாத ஊர் இல்லை. சிலவேளை அதை அனுதாபமாகவே சொல்கின்றார்கள். சைவ சித்தாந்தம் வினையை ஒப்புக்கொள்கின்றது, உண்மை. ஆனால் பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பெழுத எமக்கு அதைக் கற்பித்துத் தரவில்லை. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியது. அந்தக் காலத்தில் அந்த நாட்டின் இயல்பு அது என்றனர். பிள்ளையார் அதைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். முன்வினைக்கு இவ்வினை என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்று கேட்பதே அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. காய்ச்சல் கண்டவர்களுக்காகப் பாடிய பதிகத்தில் உள்ள இந்தக் கேள்வியை, வினை என்று பேசுகிறவர்கள் ஒருமுறை சிந்திக்கவேண்டும். வைத்தியசாலை உய்யும் வழிகளில் ஒன்று. இறைவனுக்கே வைத்தியநாதன் எனப் பெயரிட்டு வண்ணார்பண்ணையில் கோயில் எடுத்து வணங்கும் சமூகத்துக்கு இது புதிய செய்தியன்று.

இந்தப் பேச்சினாற்றான் குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் தாய்க்கு மார்பில் கட்டி என்றால், திருமணம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகின்றனர். அந்த மாதங்களிலேயே சிறு கட்டி பெரிதாகிவிடுகின்றது. புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையானவையே பரம்பரையாக வருபவை. எஞ்சிய பெரும்பகுதி அவ்வாறு வருவதில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்களும் இதை அறிந்திருக்கவேண்டும். ஆண்களில் வாய்ப் புற்றுநோய்க்கு வெற்றிலையும் பாக்கும் போயிலையும் முக்கிய காரணம் என்பது நிறுவப்பட்ட உண்மை. கோயில் வெளிமண்டபத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பிறர் வினையைப் பற்றிப் பேசுவோர் இதைக் கவனிப்பார்களாக.

பார்க்க வருபவர்கள் நெஸ்டமோல்ட்டும் தோடம்பழமும் கொண்டுவருகின்றார்கள். மகிழ்ச்சி. கூடவே, இன்னாருக்கும் இப்படித்தான் தொடங்கினது, மூன்றாம் ஊசியோடு போனார் என்ற கதையையும் கொண்டுவருகின்றார்கள். பழத்தை மட்டும் கொண்டுவந்தாற் போதும்.

திலகவதியாரின் வழி

நோயாளிக்குத் துணை நிற்பது எவ்வாறு என்பதற்குத் திலகவதியாரிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தம்பி மருணீக்கியார் சமயம் மாறிப் போனவர். அது தமக்கைக்குப் பெருந்துயர். சூலை நோய் தாங்காமல் அவர் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, "அன்றைக்கே சொன்னேனே" என்று அம்மையார் ஆரம்பிக்கவில்லை. எழுப்பினார், திருநீறு கொடுத்தார், விடியற்காலையில் தாம் வழக்கமாகச் செய்யும் திருவலகுப் பணிக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிச் சென்றார். தமது தொண்டையும் நிறுத்தவில்லை, தம்பியையும் தனியே விடவில்லை. பராமரிப்பவர் தம் வாழ்வை முற்றாகத் துறந்துவிட்டால் ஆறு மாதச் சிகிச்சையில் மூன்றாம் மாதமே சோர்ந்துவிடுவார். ஆகவே வேலையைப் பங்கிடவேண்டும். சமைக்கத் தெரியாத கணவன்மார் கஞ்சியாவது வைக்கப் பழகவேண்டும். அப்பர் வரலாற்றைக் காட்டித் திருநீறு இருக்க மருந்தெதற்கு என்று வாதிடுபவர்களும் உள்ளனர். அது மருந்தை விலக்கச் சொன்ன வரலாறு அன்று. திருநீற்றை அணிந்துகொண்டே தெல்லிப்பளை பஸ்ஸில் ஏறலாம்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் அன்பும் சிலவேளை குழப்பமாகிவிடுகின்றது. கனடாவிலிருந்து ஒருவர் ஒரு மருந்தைச் சொல்வார். இலண்டனிலிருந்து மற்றவர் வேண்டாம் என்பார். இரவு முழுவதும் வட்ஸ்அப்பில் விவாதம் நடக்கும். வைத்தியருடன் பேசுபவர் குடும்பத்தில் ஒருவராக இருக்கட்டும். அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்கட்டும். பணம் அனுப்புபவருக்குத் தீர்மானிக்கும் உரிமையும் சேர்ந்து வருவதில்லை. நோயாளிக்கே அந்த உரிமை முதலில் உண்டு. "உங்களுக்கு ஒண்டுமில்லை அம்மா, சின்னக் கட்டி" என்று சொல்லிக் கீமோ வாட்டுக்குக் கூட்டிப் போவதால் பயன் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் இரண்டு நிமிடத்தில் அவர் எல்லாவற்றையும் அறிந்துவிடுவார். அதன் பின்னர் வீட்டார் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்.

நோயாளி கடவுளைக் கோபிக்கும் நாட்களும் வரும். வாய்ப்புண்ணோடு படுத்திருக்கும் ஒருவர் "இந்தக் கோயிலுக்கு எத்தனை வருஷம் பூக்கட்டினனான்" என்று சொல்லி அழுதால் அது நிந்தனை என்று தடுக்கவேண்டாம். சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரை நீங்கிக் கண்ணிழந்தபோது இறைவனிடம் பணிந்து மட்டும் பாடவில்லை, உரிமையோடு குறைபட்டும் பாடினார். அவருக்கு முதலிற் கண் கிடைக்கவில்லை. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்து காஞ்சியை அடைந்தபோது இடக்கண் கிடைத்தது. திருவாரூர் சேர்ந்த பின்னர்தான் வலக்கண். ஆறு முறை, எட்டு முறை என்று மருந்து ஏற்றக் காத்திருப்பவருக்கு இந்த வரலாற்றைத் திருமுறை ஓதும் எவரேனும் வீட்டுக்குச் சென்று சொல்லலாம். ஊன்றுகோலாக இருக்கக்கூடியவர்கள் அந்த வீட்டிலேயே இருப்பார்கள்.

எல்லோருக்கும் வலக்கண் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்க முடியாது. சிலருக்குக் கீமோ நோயை மாற்றுவதற்காகக் கொடுக்கப்படுகின்றது. சிலருக்கு நோயைக் கட்டுப்படுத்தி நோவைக் குறைத்து நாட்களைக் கூட்டித் தருவதற்காகக் கொடுக்கப்படுகின்றது. எதற்காக என்று முதல் நாளே வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இனி மருந்து பயன் தராது, நோவைத் தணிப்பதே வழி என்று அவர் சொல்லும் நாள் வந்தால், அதையும் நேரகாலத்தோடு சொல்லுமாறு கேட்டுக்கொள்ளலாம். நோவுக்கான மருந்தைக் கேட்டு வாங்குவது கோழைத்தனம் அன்று. அந்நிலையில் உள்ளவருக்குக் கோயிலிலிருந்து திருநீறும் பூவும் வீட்டுக்குப் போகவேண்டும். பண்ணோடு தேவாரம் பாடக்கூடிய பிள்ளை ஒன்றை அரை மணித்தியாலம் அனுப்பலாம்.

திருவிழாவில் சுவாமி ஊர் வீதி உலா வரும்போது வீடுதோறும் படலையில் நிறைகுடம் வைத்துக் காத்து நிற்பார்கள். நடக்க இயலாதவருக்கு அந்தப் படலையடியில் ஒரு கதிரை போட்டு, முகக்கவசம் கட்டி, சன நெரிசல் படாமற் பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். சுவாமி காவுபவர்களும் அந்த வாசலிற் சற்று அதிக நேரம் நிறுத்துவார்கள். குருக்கள் தீபத்தைக் காட்டி இறங்கி வந்து திருநீறு கொடுப்பார். மறுநாட் காலை ஏழரை பஸ்ஸுக்குக் கிளினிக் கொப்பியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்து வைத்துவிட்டு அந்த வீட்டார் படுக்கப் போகலாம்.